டெபாசிட் கேட்டவருக்கு இன்ஷூரன்ஸ் பாண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நடுத்தரக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சிறு சேமிப்பை யாதொரு சந்தேகமும் இன்றி ஒப்படைத்துவந்த பாங்குக் கிளைகளிலேயே, முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வருகிற வயோதிகர்களின் கையில் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இப்போது வேரூன்றிவிட்டது. இதைக் குறித்து என் பலமான ஆட்சேபத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன்.

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் வசிக்கும், அறுபதைக் கடந்த ஓர் அம்மையார், கணவர் காலமானபின் கைக்கு வந்த பணத்தில் நான்கு லட்சம் ரூபாயை டெபாசிட்டில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் வட்டியைக் கொண்டு மருந்துச் செலவையும் மளிகைக் கடைப் பாக்கியையும் ஒருவாறு சமாளித்து வந்தார். டெபாசிட் முதிர்ந்ததும் ரசீதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனவரை உள்ளே அழைத்து, நாற்காலி கொடுத்து, "இதுவும் எஃப்.டி. மாதிரிதாம்மா, வட்டி மட்டும் கூட வரும், ஆனா வருஷக் கடைசியில மொத்தமா வரும்" என்று சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் பென்சிலால் குறியிட்டிருந்த இடங்களிலெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தபாலில் வந்த பாண்டை டெபாசிட் ரசீது என்றே எண்ணி அவர் பத்திரப்படுத்திவிட்டார். மறு வருஷம் "ரெண்டாவது பிரீமியம் கட்டணும்" என்று டெலிபோன் வந்தபிறகே, பணத்தில் பாதி பாலிசிக்குப் போய்விட்டது என்பதும், அதே இரண்டு லட்சத்தை இன்னும் ஒன்பது வருஷம் கட்டியாக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியவந்தன. அந்தப் பாண்டை நான் வாங்கிப் பார்த்தேன். குடும்பப் பென்ஷன் ஒன்றைத் தவிர வேறு வருவாய் இல்லாத அவருக்கு, வருஷ வருமானம் பன்னிரண்டு லட்சம் ரூபாய் என்று விண்ணப்பத்தில் வேறொருவர் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தது. இந்த ஒரு வரியைக் கண்டபின், இது ஏதோ தெரியாமல் நேர்ந்த பிசகு என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஆயுள் இன்ஷூரன்ஸை நான் குறைகூறுவதாக யாரும் கருதவேண்டாம். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் அகாலத்தில் மறைந்தால், அந்தக் குடும்பம் நிராதரவாகிவிடாமல் காப்பது அது ஒன்றே. அப்படிப்பட்டவர் குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்கு டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்வது அவசியம் என்றே சொல்வேன். ஆனால், தம்மை நம்பி ஜீவிக்கிறவர் எவரும் இல்லாத, இனிச் சம்பாதிக்கவும் வழியில்லாத ஒரு விதவைக்கு, வருஷந்தோறும் பணம் கட்டவேண்டிய பத்து வருஷப் பாலிசியால் விளையக்கூடிய பிரயோஜனம் யாது?

அவருக்குப் பொருத்தமான திட்டம் அதே கிளையில் இல்லாமலும் இல்லை. 2004-ம் வருஷம் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தபாலாபீசுகளில் மட்டுமல்ல, பாங்குகளிலும் நடைபெறுகிறது. 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாகவும், உச்ச வரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாகவும் உயர்த்தப்பட்டன. அந்த விகிதத்தில் நான்கு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 8,200 ரூபாய் வட்டி கைக்கு வரும். ஐந்து வருஷம் கழிந்ததும் அசல் திரும்பிவிடும். இதைப் பற்றி அந்த மேஜையில் ஒருவரும் பிரஸ்தாபிக்கவே இல்லை. பாலிசி விற்றால் பாங்குக்குக் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷனுக்காக ஒவ்வொரு கிளைக்கும் மாதந்தோறும் மேலிடத்திலிருந்து 'டார்கெட்' வருகிறது. அந்த நிர்ப்பந்தத்தில் சிக்கித் தவிக்கிற இளம் உத்தியோகஸ்தர்கள்மீது எனக்குக் கோபத்தைக் காட்டிலும் பரிதாபமே அதிகம். 2024 நவம்பரில் மத்திய நிதியமைச்சரே பாங்குகள் முறையற்று இன்ஷூரன்ஸ் விற்பதைப் பகிரங்கமாகக் குறிப்பிட்டு, தங்கள் மூலத் தொழிலில் சிரத்தை செலுத்தும்படி அவற்றுக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லோடு நின்றுவிட்டால் போதுமா?

டெபாசிட்டைப் புதுப்பிக்கிற மேஜையில் இன்ஷூரன்ஸ் விற்பதை ரிசர்வ் பாங்கு முற்றாகத் தடை செய்யவேண்டும். அறுபது வயதைக் கடந்தவருக்குத் தவணைப் பிரீமியப் பாலிசி விற்பதானால், இது டெபாசிட் அல்ல, இத்தனை வருஷம் இவ்வளவு கட்டவேண்டும், நடுவில் நிறுத்தினால் இவ்வளவு நஷ்டம் என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, குடும்பத்தில் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு விளக்கியபிறகே கையெழுத்து வாங்கவேண்டும். பொய்யான வருமானத்தைப் பூர்த்தி செய்து வாங்கிய பாலிசி எதுவாயினும், எத்தனை வருஷம் கழிந்திருந்தாலும், கட்டிய பணம் முழுவதும் வட்டியோடு திருப்பித் தரப்படவேண்டும். கிளைகளுக்கு இன்ஷூரன்ஸ் 'டார்கெட்' வைக்கும் முறையை அடியோடு ஒழித்தால் இவற்றில் பாதிக்கு அவசியமே இராது என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் திருந்தும்வரை வாசகர்கள் சும்மா இருக்கவேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்கள் பாங்கிலிருந்து வாங்கிவந்த தாள்களை இந்த வாரமே எடுத்துப் படித்துப் பாருங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்றில் 'பிரீமியம்' என்ற சொல் தென்பட்டால், அது டெபாசிட் ரசீது அல்ல. பாண்டு கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையென்றால், பாலிசி வேண்டாம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துமூலம் தெரிவித்தால் போதும். முத்திரைக் கட்டணம் முதலிய சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பிவிடும். அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதி, அது ஒரு மாதத்துக்குள் நியாயம் வழங்காவிட்டால், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்