ஐந்து பேரைப் பின்னால் நிறுத்திவிட்டால் அது டிபென்ஸ் ஆகிவிடுமா?



நீளமான பதிவுதான். பாடசாலை உதைபந்தாட்ட அணிகளைப் பயிற்றுவிப்பவர்கள், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள், பழைய மாணவர் சங்கத்தார் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். திட்டுவதென்றால் வாசித்த பிறகு திட்டுங்கள்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கட கரையோரப் பாடசாலை அணிகளுக்கு இப்போது ஒரு புதுக் காய்ச்சல் பிடித்திருக்கிறது. நேற்றுவரை நான்கு பேரைப் பின்னால் வைத்து ஆடிய அணி, வலயப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது திடீரென்று "பெக் த்ரீ" ஆகிவிடுகிறது. பெயர்தான் த்ரீ. விசில் ஊதிய பிறகு எண்ணிப் பாருங்கள், பெனல்டி பெட்டிக்குள் ஐந்து பேர் நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். தூரத்தில் தனியாக ஒரு பிள்ளை, பந்து வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கேட்டால், "சேர், இதுதான் இப்ப மொடர்ன் புட்போல்" என்கிறார்கள்.

வகுப்பறையிலும் மைதானத்தின் ஓரத்திலும் இந்தப் பிள்ளைகளோடு நிற்கிற ஆசிரியர்கள் என்ற வகையில் வெளிப்படையாகவே சொல்கிறோம்: இது மொடர்ன் புட்போல் இல்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு நவீனம் என்று ஒரு சட்டை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் செல்சியைக் காட்டுவார்கள். 2016 செப்டெம்பர் 24இல் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்ற பிறகு அன்டோனியோ கொன்டே மூவர் பின்களத்துக்கு மாறினார். தொடர்ந்து 13 லீக் போட்டிகளை வென்றார், கிண்ணத்தையும் எடுத்தார். எல்லாம் உண்மை. மிச்சக் கதையை ஏன் சொல்வதில்லை? முந்தைய பருவத்தில் செல்சி 10ஆம் இடத்துக்குப் போனதால் அந்த வருடம் அவர்களுக்கு ஐரோப்பியப் போட்டிகளே இல்லை. மற்றப் பெரிய அணிகள் வாரத்தின் நடுவில் விமானம் ஏறிக்கொண்டிருக்க, இவர்கள் அந்த நாட்களில் பயிற்சி செய்தார்கள். கொன்டேயும் யுவென்டஸிலும் இத்தாலி அணியிலும் இதே அமைப்பைப் பழக்கிவிட்டு வந்தவர்.

எங்கட பிள்ளைகளுக்கு இருப்பது அசருக்கும் மஃரிபுக்கும் இடையிலான நேரம். அதிலும் டியூஷன் போக மிச்சம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் மைதானம் குளமாகிவிடும், அந்த மிச்சமும் இல்லை. கொன்டே வாரக்கணக்கில் பழக்கியதை நான்கு நாளில் யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பழக்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது மொரோக்கோ. 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் அந்த அணிக்காக இந்தக் கரையோரமே விழித்திருந்தது. "டிபென்ஸ் ஆடித்தானே அரையிறுதிக்குப் போனார்கள்" என்கிறார்கள். ஆம், டிபென்ஸ் ஆடித்தான் போனார்கள். எப்படி ஆடினார்கள் என்பதையும் பார்ப்போம். குரோஷியா, பெல்ஜியம், கனடா, ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய ஐந்து அணிகளோடும் நால்வர் பின்களத்தோடுதான் போட்டியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் அம்ராபத் நின்றார். அந்த ஐந்து போட்டிகளின் ஆட்ட நேரத்தில் அவர்களின் வலைக்குள் போனது ஒரே ஒரு கோல், அதுவும் சொந்தக் கோல்.

டிசம்பர் 14, பிரான்சோடு அரையிறுதி. எங்களுக்கு நள்ளிரவு 12.30. அன்றைக்குத்தான் பின்களத்தில் ஐந்து பேரைப் போட்டு ஆரம்பித்தார்கள். வீரர்களின் காயமும் ஒரு காரணம். 5ஆவது நிமிடத்தில் கோல் விழுந்தது. 21ஆவது நிமிடத்தில் அணித்தலைவர் சாயிஸ் முடியாமல் வெளியேற, பழையபடி நால்வருக்குத் திரும்பினார்கள். அதன் பிறகுதான் மொரோக்கோ மொரோக்கோவாக ஆடியது. இடைவேளைக்குச் சற்று முன்னர் எல் யாமிக் அடித்த பைசிக்கிள் கிக் கம்பத்தில் பட்டது ஞாபகமிருக்கிறதா? 2-0 என்று தோற்றார்கள்தான். ஆனால் உலகம் எழுந்து நின்று கைதட்டியது அந்தத் துணிச்சலுக்கு. மொரோக்கோவை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்தப் போட்டியை இன்னொரு தடவை முழுதாகப் பார்க்க வேண்டும்.

நாங்கள் மாற்றத்துக்கு எதிரிகள் இல்லை. 1925இல் ஓப்சைட் சட்டம் மாறியது. முன்களக்காரனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியின் மூன்று பேர் இருக்கவேண்டும் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் மழையாகக் கொட்டின. ஆர்சனலின் ஹேர்பர்ட் சப்மன் நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது பெக் ஆக்கினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்த இடத்துக்கு ஆளைத் தேடினார், பழக்கினார். ஆர்சனல் முதல் தடவையாக லீக்கை வென்றது 1930-31இல். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல். அமைப்பு மாற்றம் என்றால் அது.

இலக்கத்தை மனப்பாடம் செய்த அணிக்கு என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1953 நவம்பர் 25, வெம்ப்ளி மைதானம். ஹங்கேரியின் 9ஆம் இலக்க வீரர் ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்னுக்கு இறங்கி ஆடினார். அவர் பின்னால் போவதா, தன் இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்தின் நடுப் பின்கள வீரருக்கு விளங்கவேயில்லை. 6-3. ஹிடெக்குட்டி மட்டும் 3 கோல். உலகத்துக்கே உதைபந்தாட்டம் சொல்லிக்கொடுத்த நாட்டுக்கே அந்த நிலை.

இப்போது எங்கட மைதானத்துக்கு வருவோம். "பெக் த்ரீ" ஆடுகிற பிள்ளையிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எதிரணி விங்கரிடம் பந்து போனால் வெளியே போவது யார், விங்பெக்கா, நடுவில் நிற்பவனா? அவன் வெளியே போனால் விட்ட இடத்தை மூடுவது யார்? பெட்டிக்கு வெளியே தட்டிவிட்ட பந்தை எடுக்க நிற்பவன் யார்? கோடு முன்னேறவேண்டும் என்று குரல் கொடுப்பவன் யார்? பதில் வராது. பிள்ளையில் பிழையில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதில் தெரியாத ஐந்து பேரை விட, பதில் தெரிந்த மூன்று பேர் நல்லது. விங்பெக்கின் நிலைமை இன்னும் மோசம். ஒரே நாளில் இரண்டு போட்டி ஆடவேண்டி வருகிற வலயப் போட்டியில், எங்கட வெயிலில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடு என்கிறோம். இடைவேளைக்குள் பிள்ளை முடிந்துவிடுவான்.

"எங்களிட்ட ஆள் பலம் இல்லை, வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்பது அடுத்த நியாயம். ஆள் பலம் எங்கிருந்து வரும்? பந்தைத் தொட்டால்தானே வரும்! இங்கிலாந்தில் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில்கூட அணிக்கு 9 பேர்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அதிகம் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம். இங்கே பத்தாம் வகுப்பில் இரண்டு பேரை வெட்டிப் போகத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ ஐந்தாவது பெக், பந்து வந்தால் வெளியே அடி" என்கிறோம். ஒரு பருவம் அடிப்பான். அடுத்த பருவம் வரமாட்டான்.

வராத பிள்ளை எங்கே போகிறான்? போதைப்பொருளுக்கு எதிராகப் பள்ளிவாசல்களில் கூட்டம் போடுகிறோம், பேரணி போகிறோம். அசருக்குப் பிறகு தானாக மைதானம் தேடி வருகிற பிள்ளையை, ஒரு சான்றிதழுக்காகவும் வெற்றிக்கிண்ணத்தோடு எடுக்கும் ஒரு போட்டோவுக்காகவும் சலிப்படைய வைத்து அனுப்புகிறோம். கணக்குச் சரியாக வருகிறதா?

கேட்பது மூன்றுதான்.

ஒன்று, 16 வயது வரைக்கும் போமேஷனை விட்டுவிட்டு அடிப்படையைப் பழக்குங்கள். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவது, அடுத்தவன் அவனுக்குத் துணை நிற்பது, மூன்றாமவன் மறுபக்கத்தை மூடுவது. நான்குக்கு நான்கு ஆடவிட்டால் இது மூன்றும் தானாக வரும். செருப்பு இரண்டை வைத்தால் கோல், கடற்கரை போதும்.

இரண்டு, அமைப்பை மாற்றுவதென்றால் பருவத்தின் தொடக்கத்தில் மாற்றுங்கள். போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது வேண்டாம்.

மூன்று, இது அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும். பயிற்றுவிப்பாளரிடம் முதல் வருடமே கிண்ணம் கேட்காதீர்கள். அவரைப் பயப்படுத்துவது நீங்கள்தான், அந்தப் பயம்தான் ஐந்து பெக்காக மைதானத்தில் நிற்கிறது. "எத்தனை பிள்ளை புதிதாக ஆடப் பழகினான்?" என்று கேளுங்கள்.

தோல்வி பிள்ளைகளைக் கெடுக்காது. எமது பாடசாலை அணிகள் 3-2 என்று தோற்றுவிட்டு வரட்டும், நாங்கள் தோளில் தட்டிக் கூட்டிவருவோம். பந்தைத் தொடாமலே 0-0 என்று சமன் செய்துவிட்டு வரும் பிள்ளைக்கு என்ன சொல்வது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் கொமண்டில் எழுதுங்கள், பேசுவோம். உங்கள் ஊர் பயிற்றுவிப்பாளர்களுக்கும் பகிருங்கள். அல்லாஹ் எங்கட பிள்ளைகளின் கால்களுக்கும் மனதுக்கும் பலம் தரட்டும்.