வெந்நீருக்கே காசு இல்லை; குளத்துக்கு ஏன் பூட்டு?

காஞ்சீபுரத்தில் பட்டுத் தறிக்காரர் குழியில் கால் விட்டு உட்கார்ந்தால், எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். நாள் முழுக்க மிதித்த கால், ராத்திரி 'விண் விண்' என்று தெறிக்கும். ரெண்டு சொம்பு வெந்நீர் ஊற்றினால்தான் அடங்கும். அந்த வெந்நீருக்கும் விறகு வேணும். இல்லாவிட்டால் கேஸ் வேணும்.

அடுப்பும் இல்லாமல், காசும் இல்லாமல் வெந்நீர் கொட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது சிங்கப்பூரில்!

வெந்நீர் ஊற்று என்றதும் தமிழர்களுக்குத் திருகோணமலைக் கடற்கரைக்குச் சற்றுத் தள்ளியுள்ள கன்னியா கிணறுகள் ஞாபகம் வரும். சிங்கப்பூர் ஊற்று இருப்பது தீவின் வடக்கே, செம்பவாங்கில். அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் கடல், எதிர்க்கரையில் ஜோகூர்.

70 டிகிரி சூடு

எரிமலை எதுவும் கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. ஊற்றுக்கண்ணில் சுமார் 70 டிகிரி. கை வைத்தால் வெந்துவிடும். அதனால் படிப்படியாகத் தொட்டி கட்டி இறக்கியிருக்கிறார்கள். கடைசித் தொட்டிக்கு வரும்போது 40 டிகிரி. கால் வைத்தால் சுகம்!

கிழவர், குழந்தை, கூலியாள், ஆபீசர் எல்லாரும் ஒரே வரிசையில் கால் நனைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சிலர் முட்டையோடு வந்து, வேக வைத்து, உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். டிக்கெட் கேட்பார் கிடையாது.

பாட்டிலில் விற்ற தண்ணீர்

ஆரம்பத்திலேயே இப்படி இருந்துவிடவில்லை. 1909-ல் கண்டுபிடித்த ஊற்று இது. 1921-ல் பிரேசர் அண்டு நீவ் கம்பெனி இடத்தை வாங்கியது. தண்ணீர் பாட்டிலில் அடைபட்டு விலைக்குப் போனது. யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் குளியல் தொட்டி கட்டினார்கள். 1985-ல் விமானப் படைத் தளத்துக்காக அரசு நிலத்தை எடுத்தது. வேலி விழுந்தது.

ஜனங்கள் விடவில்லை. "எங்க ஊற்று எங்களுக்கு வேணும்" என்று கேட்டார்கள். 2002-ல் வழி திறந்தது. 2020 ஜனவரியில் பெரிய பூங்காவாகவே ஆகிவிட்டது. விமானப் படைத் தளமே ஜனங்களின் காலுக்கு இடம் விட்டது!

'பணக்கார நாடு சார்!'

"அது பணக்கார நாடு சார், நமக்குக் கட்டுமா?" என்பார்கள் டீக்கடையில். கட்டும்! பூங்கா வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது என்ன? குழாயும் பிளாஸ்டிக் வாளியும்தான். அதற்கே கூட்டம் வந்தது. முக்கியம் பணம் இல்லை. 'இது எல்லாருக்கும் பொது' என்ற முடிவு.

காஞ்சீபுரத்தில் வெந்நீர் ஊற்று கிடையாது. ஆனால் குளங்கள் உண்டு. சர்வதீர்த்தம் மாதிரி பெரிய குளமே உண்டு. ஆனால் நம்மூர்ப் பக்கம் பொதுக் குளம் என்றால் இரண்டே கதி: ஒன்று, ஆளாளுக்குக் குப்பை கொட்டுவது, இல்லாவிட்டால், குப்பை கொட்டுகிறார்கள் என்று பூட்டுப் போடுவது.

இரண்டுமே தப்பு. இலவசம் என்றால் இளப்பம் இல்லை. காவலுக்கு ஓர் ஆள், குப்பைத் தொட்டி, வழுக்காத படி, சாயந்திரம் ஒரு விளக்கு. இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஜனங்களுக்கும் பொறுப்பு உண்டு. சோப்புத் தாளையும் பிளாஸ்டிக் பையையும் தண்ணீரில் விடுகிற கை, குளத்தைப் பூட்டுகிற கைக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறது.

2059 வரையா?

2019-ல் அத்திவரதர் எழுந்தருளினார். அவரை எடுக்க அனந்தசரஸ் குளத்துத் தண்ணீரை இறைத்தார்கள். 48 நாள் ஊரே கூட்டத்தைத் தாங்கியது. சாமிக்காகச் செய்ய முடிந்ததை சனத்துக்காகச் செய்ய முடியாதா?

அத்திவரதர் மறுபடி வருவது 40 வருஷம் கழித்து, 2059-ல். ஊர்க் குளங்கள் அதுவரைக்கும் காத்திருக்கணுமா? தறிக்குழியிலிருந்து எழுந்து வருகிற கால், இன்றைக்கே ஒரு படியில் இறங்கி நனையட்டும். வெந்நீர் வேண்டாம், சுத்தமான தண்ணீர் போதும்!