பால்காரர்களை எதிர்த்து ஆடியவரா புஷ்காஷ்?

அடையாறு, வேளச்சேரி பக்கம் ராத்திரியில் விளக்குப் போட்டு ஆடும் டர்ஃப் மைதானங்களில் ஆட்டம் முடிந்ததும் தொடங்கும் பேச்சு, மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற இடத்தில்தான் வந்து முட்டும். நடுவில் யாராவது ஃபெரென்ஸ் புஷ்காஷ் பெயரை எடுத்தால் ஒரு சிரிப்பு. "அந்தக் காலத்துல டிஃபென்ஸ்ல பால்காரனும் போஸ்ட்மேனும்தான் நின்னாங்க. யார் வேணா அடிக்கலாம்." பாண்டி பஜாரில் வாங்கிய ரியல் மாட்ரிட் ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு இதைச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை புஷ்காஷ் என்பது ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா 2009 முதல் கொடுத்துவரும் விருதின் பெயர். ஆள் யார் என்று கேட்டால், "குண்டா இருப்பாரே, ஒத்தைக் கால்ல ஆடுவாரே" என்பார்கள்.

முதலில் பால்காரர்கள். 1953 நவம்பர் 25, லண்டன் வெம்ப்ளி. இங்கிலாந்துக்கு எதிரே புஷ்காஷின் ஹங்கேரி. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியிடமும் அதுவரை இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றதில்லை. இங்கிலாந்தின் தடுப்பில் நின்றவர்கள் கேப்டன் பில்லி ரைட், ஆல்ஃப் ராம்சே. இருவருமே சம்பளம் வாங்கி ஆடிய முழுநேர ஆட்டக்காரர்கள். 13 வருடம் கழித்து இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் இதே ராம்சேதான். ஹங்கேரியின் மூன்றாவது கோலைப் பாருங்கள். வலது பக்கம், கோலுக்கு மிக அருகில் பந்து புஷ்காஷிடம் வருகிறது. ரைட் சறுக்கிக்கொண்டு பாய்கிறார். புஷ்காஷ் இடது காலின் அடிப்பாதத்தால் பந்தைப் பின்னுக்கு இழுக்கிறார். பந்து இல்லாத இடத்தில் இங்கிலாந்து கேப்டன் சறுக்கிப் போய்க்கொண்டிருக்க, அதே இடது காலால் ஓர் அடி, பக்கத்துக் கம்பத்தை ஒட்டி வலைக்குள். ஆட்டம் ஹங்கேரிக்கு 6-3. ஏதோ அன்றைக்கு அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு ஒரு பதில்: ஆறு மாதம் கழித்து புடாபெஸ்டில் மறுபடி மோதினார்கள். 7-1.

"ஆனா அப்போ மோசமான டீமும் இருந்துச்சே" என்றால், இருந்தன. நாமே இருந்தோம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நமக்குப் பத்து போட்ட அதே யூகோஸ்லாவியா இறுதியாட்டத்தில் ஹங்கேரியிடம் 2-0 என்று தோற்றது. பெனால்டியை வீணடித்த புஷ்காஷ், பிறகு அவரே முதல் கோலையும் அடித்தார். கம்யூனிஸ்ட் நாடுகள் தங்கள் முழு பலத்தோடு வந்தன, மேற்கு நாடுகளால் தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுப்ப முடியவில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஹெல்சிங்கியை விட்டுவிட்டு வெம்ப்ளியிலிருந்து தொடங்கினேன்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். மேற்கு ஜெர்மனியில் பண்டெஸ்லிகா தொடங்கியதே 1963-ல்தான். அதற்கு முன் அங்கே ஆடியவர்களில் பலர் வேறு வேலையும் பார்த்தவர்கள். பால்காரர் கிண்டல் கொஞ்சமாவது ஒட்டும் இடம் அதுதான். ஆனால் 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் புஷ்காஷின் அணியை 3-2 என்று வீழ்த்தியவர்களும் அவர்கள்தானே? பகுதிநேரம் ஆடியவன் எளிதான இரை என்றால் அந்தக் கோப்பை ஹங்கேரிக்குப் போயிருக்க வேண்டும்.

"பெரிய ஆட்டத்துல சொதப்பிட்டாரு" என்ற குற்றச்சாட்டும் அந்த ஆட்டத்தை வைத்துத்தான். நடந்தது இது. முதல் சுற்றில் இதே ஜெர்மனியை ஹங்கேரி 8-3 என்று வென்றபோது ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் லீப்ரிஷ் உதைத்ததில் புஷ்காஷின் கணுக்கால் போயிற்று. காலிறுதியும் அரையிறுதியும் ஆடவில்லை. இறுதியாட்டத்துக்கு முழுசாகக் குணமாகாத காலோடு இறங்கி ஆறாவது நிமிடத்தில் கோல் அடித்தார். கடைசி நிமிடங்களில் அவர் போட்ட இன்னொரு கோல் ஆஃப்சைடு என்று கொடி தூக்கப்பட்டது. அது சரியா தவறா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் உலகக் கோப்பைக்கு வந்ததே 1970-ல்தான். பின்னாலிருந்து காலை வாருவது அன்றாடம் நடப்பது. பந்தோ தோல் பந்து, மழையில் நனைந்தால் கனம் ஏறிவிடும். அந்தக் காலம் சுலபம் என்பவர்கள் அந்தப் பந்தை ஒருமுறை தலையால் முட்டிப் பார்க்கலாம்.

குண்டு விஷயத்துக்கு வருவோம். அது பொய்யில்லை. 1956-ல் ஹங்கேரிப் புரட்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கியபோது புஷ்காஷின் ஹான்வேட் கிளப் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. ஆடத் தடை விழுந்தது. ஏறத்தாழ இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு 1958-ல் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தபோது வயது 31, கூடுதல் எடை சுமார் 18 கிலோ. அந்த வயதில் பலர் ஓய்வை அறிவிப்பார்கள். இவர் ஸ்பானிஷ் லீகில் 180 ஆட்டங்களில் 156 கோல் அடித்தார், நான்கு பருவங்களில் அதிக கோல் அடித்தவர் பட்டத்தை வாங்கினார். தொப்பை இருந்தது, சரி. அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு இதைச் செய்தார் என்றால் அது குறையா, பெருமையா?

"அதெல்லாம் டி ஸ்டெஃபானோ ஊட்டிவிட்டது." மாட்ரிட்டில் சக ஆட்டக்காரரான டி ஸ்டெஃபானோவோடு சேரும் முன்பே ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல் அடித்து முடித்தவர் இவர். 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டை மாட்ரிட் 7-3 என்று வென்றது. டி ஸ்டெஃபானோவுக்கு மூன்று, புஷ்காஷுக்கு நான்கு. அரையிறுதியில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 12-4 என்று நொறுக்கிவிட்டு வந்த அணி அந்த ஃபிராங்க்ஃபர்ட். 1962 இறுதியாட்டத்தில் பென்ஃபிகாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஹாட்ரிக். மாட்ரிட் தோற்றது, 5-3. அப்போது இவருக்கு 35.

ஒற்றைக் கால் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலது காலை அவர் அதிகம் நம்பவில்லை என்பது எதிரணிக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

கடைசியாக நம்மூர் வாதம்: "சுனில் சேத்ரியே அவரைத் தாண்டிட்டாரு." 2022 ஜூனில் ஹாங்காங்குக்கு எதிராக சேத்ரி 84-ஐத் தொட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவருக்கு அதற்கு 120 ஆட்டங்களுக்கு மேல் தேவைப்பட்டது, எதிரணிகளின் தரமும் வேறு. சேத்ரியை உயர்த்த புஷ்காஷை இறக்க வேண்டியதில்லை. பலவீனமான அணியைச் சுமந்து அடித்த கோல்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பழசையெல்லாம் தள்ளுவதானால் நமக்கும் மிஞ்சாது. புஷ்காஷ் இல்லாத ஹங்கேரியை 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் எதிர்த்து ஆடி இந்தியா 2-1 என்றுதான் தோற்றது. அதே ஒலிம்பிக்ஸில் பெருவுக்கு எதிராக தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ் அடித்ததுதான் ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். அதையும் பால்காரர் கணக்கில் எழுதிவிடலாமா?

1960 இறுதியாட்டத்தின் பதிவு கறுப்பு வெள்ளையில் யூடியூபில் கிடைக்கிறது. அடுத்த முறை டர்ஃபில் வாதம் கிளம்புவதற்குள், அந்த நான்கு கோலையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.