வெட்கம் மருந்தாகாது

வயிற்றுப்போக்கையும் ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டுமா என்று நகைப்பவர் நம்மிடையே உண்டு. அவர்கள் சப்பானின் தலைமை அமைச்சராயிருந்த சின்சோ அபேயை நினைக்கட்டும். 2007-இல் பதவி துறந்ததற்கும், 2020-இல் மீண்டும் துறந்ததற்கும் பெருங்குடற்புண் நோயை அவரே காரணமாகச் சொன்னார். இடையில், 2012 முதல், மருந்தின் துணையோடு ஏறத்தாழ எட்டாண்டு நாட்டை ஆண்டார். நோயின் வலிமையும் மருந்தின் வலிமையும் அந்த ஒருவர் வாழ்விலேயே விளங்கவில்லையா?

இந்நோய் யாது? உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே பெருங்குடலின் உட்படலத்தைப் பகையெனத் தாக்குகிறது. மலக்குடலில் தொடங்கும் அழற்சி இடைவெளியின்றி மேலேறிப் புண்ணாகிறது. இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல், அடக்கவொண்ணா அவசரம், சோகை, மெலிவு ஆகியவை இதன் குறிகள். பெரும்பாலும் தாக்குவது 15-க்கும் 30-க்கும் இடைப்பட்ட வயதினரை, அதாவது நம்மை! இது தொற்றுநோயன்று. மிளகாயால் வந்ததன்று, முன்வினையும் அன்று.

நம்மவர் செய்வதென்ன? 'மூலம்' என்று களிம்பு தடவுவர். 'சூடு' என்று இளநீர் குடிப்பர். 'சீதபேதி' என்று கடையில் மாத்திரை வாங்குவர். மலச் சோதனையும் குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனையுமே உண்மையைக் காட்டும். கோவண்டியோ காசநோய் மலிந்த பகுதி. குடற்காசமும் இதே வேடத்தில் வரக்கூடும். எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடவும் கூடும். ஆதலின் மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டைத் தொடாதீர்; தொடங்கியதைத் திடீரென நிறுத்தாதீர். மெசலமின் போன்ற மருந்தை நலமான பின்னும் விடாது உண்பதே நோயைத் துயிலச் செய்யும் வழி. நோய் கண்டு எட்டாண்டு ஆனவர்கள், புற்றுநோய் முளைக்கிறதா என்று காலந்தோறும் குடலைச் சோதித்துக்கொள்ளவும் வேண்டும்.

மருந்து மட்டும் போதுமா? நாளைக்குப் பத்து முறை எழ வேண்டியவருக்குக் கழிப்பறையும் மருந்தே. கோவண்டிச் சந்துகளில் பல குடும்பங்கள் ஒரே பொதுக் கழிப்பறையின் முன் வரிசையில் நிற்கின்றன. இரவில் அங்குச் செல்ல அஞ்சும் பெண் உணவைக் குறைக்கிறாள். இரத்தம் இழந்த உடல் மேலும் வாடுகிறது. படித்தவர் கூடும் தேர்வுக் கூடத்திலும் "மூன்று மணி நேரம் அடக்கிக்கொள்" என்றால், அது தேர்வா, தண்டனையா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இந்நோய் அவற்றுள் இல்லை. சட்டம் பெயர் சொல்லித் தராததைப் பல்கலைக்கழகம் மனமுவந்து தரவேண்டும். மருத்துவர் சான்று காட்டுவோருக்குக் கதவருகே இருக்கை, வெளியே சென்ற நேரத்துக்கு ஈடான நேரம், விடுதியில் இரவும் நீர் வரும் கழிப்பறை ஆகிய மூன்றையே கேட்கிறோம். வெளியே விட்டால் பார்த்தெழுதுவர் என்பர் சிலர். கண்காணிப்பாளர் ஒருவரை உடன் அனுப்பினால் தீரும் ஐயத்துக்காக நோயாளியை வதைப்பது அறமா?

நம் சங்கத்துக்கும் கடமை உண்டு. ஊரிலிருந்து புதிதாய் வந்த தம்பியும் தங்கையும் மலத்தில் இரத்தம் போவதைத் தமிழில் சொல்லவே கூசுவர். இந்தியிலும் மராத்தியிலும் எப்படிச் சொல்வர்? மொழியறிந்த மூத்த மாணவர் ஒருவர் மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும். முத்தமிழ் வளர்க்கும் சங்கம் முதலில் தமிழரின் உயிர் வளர்க்கட்டும்!