எல்லையும் வேலியும்: தமிழ்க் கிறிஸ்தவ நூல்கள் குறித்து

தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது, 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல் செபங்களையும் கிறிஸ்தவ போதனையையும் உள்ளடக்கியது. செபப் புத்தகத்தோடு அச்சேறிய ஒரு மொழியில், இன்று செபம் பற்றி வாசிக்கப்படும் நூல்கள் எவை, அவை யாருடைய வாழ்வைப் பேசுகின்றன என்னும் வினா சமயத்தவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் உரைநடையிலும் சமூகத்திலும் அக்கறை கொண்ட யாவர்க்கும் அது உரியது.

செபம், திருச்சபைத் தலைமைத்துவம், மாற்றத்துக்கு இயைதல் ஆகிய மூன்றும் இன்றைய கிறிஸ்தவ நூல்கள் பெரிதும் விரும்பும் பொருள்கள். இவற்றுட் செல்வாக்கு மிக்கவை பல அமெரிக்க மண்ணில் முளைத்தவை. இரண்டை மட்டும் ஈண்டு நோக்குதல் போதும்.

முதலாவது, புறூஸ் வில்கின்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட யாபேசின் செபம் பற்றிய நூல். பழைய ஏற்பாட்டின் வமிசப் பட்டியலொன்றின் நடுவே இரண்டே வசனங்களில் வந்து மறையும் யாபேஸ், தன் எல்லையை விரிவாக்குமாறு இறைவனை வேண்டினான். அவ்வேண்டுதலை நாள்தோறும் சொல்லிவருமாறு நூல் போதிக்கின்றது. இறைபணியின் எல்லையே கருதப்படுவது என ஆசிரியர் கூறுவர். ஆயினும் வணிகன் தன் முதலீடு பெருக வேண்டுதலும் இதனுள் அடங்கும் என்பதையும் அவரே ஒப்புவர்.

இச்செபம் எந்த மண்ணிலே சொல்லப்படுகின்றது? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோருட் பலர் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம் வேலிக்குட் காலடி வைக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் யாவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எல்லையை இழந்தவன் வாயில் இச்செபம் ஒரு பொருள் தரும். அயலான் இழந்த எல்லையில் நிற்பவன் வாயில் வேறொரு பொருள் தரும். இவ்வேறுபாட்டை அமெரிக்க நூலொன்று அறிந்திருக்க நியாயமில்லை. அதனை இங்கே பரப்புவோர் அறியாதிருப்பதற்கோ நியாயமே இல்லை. எல்லையே பூசலாகிய நாட்டில் அயலானை மறந்து எல்லைக்காகச் செபிப்பது நடுநிலையான பக்தியாகாது.

இரண்டாவது, கலிபோர்னியாவின் சாடில்பக் திருச்சபையை நிறுவிய றிக் வொறன் 1995இல் வெளியிட்ட, நோக்கத்தால் இயங்கும் திருச்சபை பற்றிய நூல். தம் அயலில் வாழும் சராசரி மனிதனை அவர் 'சாடில்பக் சாம்' எனப் பெயரிட்டுச் சித்திரித்தார். கல்வி கற்றவன், தன் தொழிலையும் வசிக்கும் இடத்தையும் விரும்புபவன். விசுவாசியின் வளர்ச்சியை அவர் பேஸ்போல் ஆடுகளத்தின் நான்கு முனைகளைக் கொண்டு விளக்கினார். அவர் ஊருக்கு அது பொருத்தமே. ஆனால், லயத்து அறையில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு இந்தச் சாம் யார்? பேஸ்போல் பரவலாக ஆடப்படாத நாட்டில் அக்களம் எதனை விளக்கும்? முகாமைத்துவக் கலைச்சொற்கள் தலைமைத்துவமாகப் போதிக்கப்படும்போது, சீடர் கால்களைக் கழுவியவரின் பணியாளன் மெல்ல மெல்லத் தோட்டத் துரையாகிவிடுகின்றான்.

நல்லவை எங்கிருந்து வரினும் ஏற்கலாகாதா என வினவுவோர் உளர். ஏற்கலாம். மொழிபெயர்ப்புக் குற்றமன்று, 'தம்பிரான் வணக்கமே' போர்த்துக்கேய மூலத்தைத் தழுவியது. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் சைவராகிய ஆறுமுக நாவலர் துணை நின்றதை யாவரும் அறிவர். அங்கே சொல்லுக்குச் சொல் தமிழோடு போராட்டம் நிகழ்ந்தது. கோவையிலிருந்தன்று, கோவாவிலிருந்து 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, சிங்களத்தையும் தமிழையும் கற்று இரு மொழிகளிலும் நூல்கள் யாத்தார். அவரது 'வியாகுலப் பிரசங்கம்' தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் வாசிக்கப்பட்டது. வந்தவர் இந்நாட்டுச் செவிக்கேற்ப எழுதினார். இந்நாட்டவரோ இன்று பிறர் செவிக்கென எழுதியதை வாசிக்கின்றனர். வொறன்கூடத் தம் அயலவரின் கதவைத் தட்டிக் கேட்ட பின்னரே படம் வரைந்தார். அவரைப் பின்பற்றுவோர் படத்தை எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டுவதை விட்டுவிட்டனர்.

மாற்றம் பற்றிய நூல்களின் குறை இன்னும் ஆழமானது. மாற்றத்துக்கு எவ்வாறு இயைவது என்று அவை கற்பிக்கின்றன. மாற்றத்தை ஏற்படுத்தியவர் யார், அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்று கேட்பதில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குச் சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானமை வெறும் இயைபன்று. ஆளுவோர் யார் என்ற வினாவுக்கான விடை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியே இலத்தீன் பூசை தாய்மொழிக்கு மாறியமை, பேசுவோர் யார் என்ற வினாவுக்கான விடை. போரும் புலப்பெயர்வும் புரட்டிப்போட்ட பங்குகளுக்கு, இயைந்து போகும் உபாயங்கள் மட்டும் விடையாகுமா?

வேண்டுவன இவை: இறந்தோரை நினைவுகூரவும் காணாமலாக்கப்பட்டோர்க்காகக் காத்திருக்கவும் சொல் தரும் செப நூல், சாதியும் வெளிநாட்டுப் பணமும் பங்கினுட் செலுத்தும் அதிகாரத்தை மறையாது பேசும் தலைமைத்துவ நூல். இவற்றை எழுதும் கடமை குருமடங்களுக்கு மட்டுமன்றி, கிறிஸ்தவ நாகரிகத்தைப் பாடமாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. தன் துயருக்குத் தன் மொழியில் செபிக்க இயலாத சமூகம், பிறர் ஆசைகளைத் தன் செபமென எண்ணி ஒப்புவித்துக்கொண்டேயிருக்கும்.