கண்ணாடிப் படகும் நான்கு தொடர்களும்

அந்தமானில் வண்டூரை அடுத்த தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1983ஆம் ஆண்டு தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அப்பூங்காவின் ஜாலி பாய் தீவில், நீந்தத் தெரியாதவரும் கடலடி உயிர்களைக் காணும் பொருட்டு, அடித்தளத்தில் கண்ணாடி பதித்த சிறு படகுகள் இயங்குகின்றன.

அலைவுறும் நீர்ப்பரப்பு ஒளியைப் பலவாறு திருப்புகிறது, வானத்தையும் பிரதிபலிக்கிறது. நீரைத் தொட்டு நிற்கும் தட்டையான கண்ணாடி இவ்விரு தடைகளையும் விலக்குவதால், பவளப் பாறைகளும் அவற்றிடையே உலவும் மீன்களும் தெளிவாகத் தோன்றுகின்றன. ஒளிவிலகலால் 4 மீட்டர் ஆழமும் ஏறத்தாழ 3 மீட்டராகவே கண்ணுக்குப் படுகிறது.

இக்கவர்ச்சியே இடருக்கும் காரணமாகிறது. ஒருவர் வியந்து சுட்டியவுடன் அனைவரும் எழுந்து அப்பக்கம் சாய்கின்றனர். எழுவதால் படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. சாய்வதால் பாரம் ஒருபுறம் குவிகிறது. ஆட்களும் மிகுந்துவிட்டால் படகு கவிழப் பேரலை வேண்டுவதில்லை. 2014 ஜனவரி 26 அன்று, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர் அருகே, அளவுக்கு மிஞ்சிப் பயணிகளை ஏற்றிய சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 20 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் தமிழ்நாட்டினர்.

சில ஆண்டுகளுக்கு முன் பிறிதொரு கடற்கரையில் கண்ணாடிப் படகொன்றில் சென்றேன். எச்சரிக்கைப் பலகையில் இந்தியும் ஆங்கிலமுமே இருந்தன. அருகிலிருந்த தமிழ் மூதாட்டி, மிதவைச் சட்டையை மடித்து அதன்மேல் அமர்ந்திருந்தார். “இது உட்காருவதற்குத்தானே, தம்பி?” என்றார். மொழிபெயர்ப்பு கோப்புகளுக்குரிய பணி என்று அதுகாறும் எண்ணியிருந்த நான் நாணினேன்.

படகு கரையை நீங்குமுன் நான்கு தொடர்களேனும் பயணிகளின் மொழியில் உரத்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என் கருத்து: குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஏறாதீர், மிதவைச் சட்டையை அணிந்து வாரைப் பூட்டுங்கள், அமர்ந்தே பாருங்கள், கையை வெளியே நீட்டாதீர். படகோட்டிக்கும் ஒரு தொடர் உண்டு: பவளத்தின்மேல் நங்கூரம் இடாதீர். மெல்ல வளரும் பவளம், ஒரு நொடியில் நொறுங்கிவிடும்.

இத்தனை மொழிகளுக்கு எங்கே செல்வது எனச் சிலர் வினவலாம். ஒலிப்பதிவு செய்த ஒரு நிமிட உரை போதும், செலவு சொற்பமே. கடலின் அழகைக் காட்ட ஒரு கண்ணாடி பதித்தோம். அதன் ஆபத்தை உணர்த்தத் தாய்மொழியில் ஒரு சொல் கூறுவதும் நம் கடமையன்றோ?