ரப்பரை ஒரு வாரம் பையிலேயே வைப்போம்



நம்ம பள்ளியில் "எனக்குப் படமே வராது" என்று சொல்லாதவர்கள் குறைவு. அறிவியல் நோட்டில் பூவின் பாகம் வரையணும்னா நாலு பேர் நோட்டு ஒருத்திகிட்டப் போயிடும். ஏழாம் வகுப்பு வரை நானும் அப்படிக் கொடுத்தவள்தான். ஆனால் அதே நாலு பேர் மார்கழியில் வாசலை அடைச்சுப் புள்ளிக்கோலம் போடுகிறார்கள். வாசலில் வர்ற கோடு நோட்டில் மட்டும் ஏன் வராது?

எங்க ஆயா கோலம் போடுவதைக் கவனித்தேன். கண் அடுத்த புள்ளியில் இருக்கிறது. தோளிலிருந்து கை முழுசா நகர்கிறது. ஒரே இழுப்பு! நாமோ மணிக்கட்டை ஊன்றி, பென்சில் முனையையே முறைச்சுப் பார்த்து, எறும்பு ஊர்ற மாதிரி துண்டு துண்டாகக் கீறுகிறோம். கோணினால் உடனே ரப்பர். கோணல் கோட்டை விட்டுவைத்து, பக்கத்திலேயே இன்னொன்று இழுத்தால், முதல் கோடு எந்த இடத்தில் தப்பியது என்று தெரியும். அழிச்சிட்டா அதுவும் போச்சு.

ஓவியர் சில்பி 1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர்.  இயற்பெயர் பி.எம்.சீனிவாசன். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் சிலைகளைப் பார்த்து வரைந்தவர். பேனா மையில் வரைவதில் பேர் வாங்கியவர். மையைச் சாதாரணப் பென்சில் ரப்பர் அழிக்காது.

ஆனால் கோலம் சொல்லித் தராத ஒன்று உண்டு. அது தூரம். கோலம் தரையில் இருப்பது, மேலேயிருந்து பார்க்கிறோம். போன வருஷம் ஒரு போட்டியில் பாக்குத் தோப்பு வரைந்தேன். எல்லா மரமும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே உயரம். "என்னடி, மரமெல்லாம் பிரேயர்ல நிக்குது!" என்றாள் தோழி. அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தோப்புக்குள் போய் வரிசை நடுவில் நின்றேன். தூரம் போகப் போக மரத்தின் தலை கீழே இறங்குது, அடி மேலே ஏறுது, இரண்டும் என் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் சேருது. மரத்துக்கு மரம் இடைவெளியும் சுருங்குது. (இதைத்தான் நிறைய பேர் மறந்துடறோம்.) உட்கார்ந்து பார்த்தால் அந்தப் புள்ளியும் என்னோடு கீழே இறங்கிவிட்டது! வாழப்பாடியில் பாக்குத் தோப்புக்கா பஞ்சம்? அது இல்லாவிட்டால் ரயில் தண்டவாளம், அதுவும் இல்லாவிட்டால் நம்ம வராண்டாத் தூண்கள்.

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓவியப் பீரியடில் ஒரு வாரம் ரப்பரும் ஸ்கேலும் வேண்டாம். வராண்டாவில் உட்கார்ந்து தூண்களை வரைய விடுங்கள். கணக்கு டீச்சர் கோபப்பட வேண்டாம், வடிவியலுக்கு ஸ்கேல் வேணும்தான்.

முதல் ஆளாக என் படத்தை, கோணல் கோடுகளோடு, அடுத்த வாரம் இதே சுவரில் ஒட்டுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி